ஹாக்கி ஆட்டமும் ஜோஸ்யச் சந்தையும்

வட அமெரிக்காவில் பனிக்கட்டித் தரையின்மீது ஆடப்படும் ஹாக்கி ஆட்டத்தை நடத்திவரும் நேஷனல் ஹாக்கி லீக் என்னும் பெரிய ஸ்தாபனம், 1948-ம் வருஷத்தில் பில்லி டெய்லர், டான் காலிஞ்சர் என்னும் இரண்டு ஆட்டக்காரர்களைச் சூதாட்டத் தொடர்பின் காரணமாக ஆயுட்காலம் முழுவதும் ஆடக்கூடாதென்று விலக்கி வைத்தது. 1970-ல்தான் அத்தடை நீங்கிற்று. அதே ஸ்தாபனம் 2025 அக்டோபரில் கல்ஷி, பாலிமார்க்கெட் என்னும் இரண்டு கம்பெனிகளோடு உடன்படிக்கை செய்துகொண்டு, லீக்கின் பெயரையும் சின்னங்களையும் ஆட்ட விவரங்களையும் அவை உபயோகித்துக்கொள்ள அனுமதி அளித்தது.

இவ்விரு கம்பெனிகளும் நடத்துவது ஒரு புதுவிதச் சந்தையாகும். அங்கே விற்பனையாவது பருத்தியன்று, கொப்பரையன்று, வெல்லமுமன்று. நாளை ஒரு காரியம் நடக்குமா, நடவாதா என்னும் அபிப்பிராயமே அச்சந்தையின் சரக்கு. ஆங்கிலத்தில் அதனைப் 'பிரிடிக்ஷன் மார்க்கெட்' என்கிறார்கள். நாம் அதனை ஜோஸ்யச் சந்தை என்று அழைப்போம்.

உடுமலைப்பேட்டைக்கும் பனிக்கட்டி ஹாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்களிற் சிலர் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. இதே வியாபாரம் 'ஒபினியன் டிரேடிங்' என்ற பெயருடன் இந்தியாவுக்குள்ளும் புகுந்தது. புரோபோ முதலிய கம்பெனிகள் கைப்பேசியின் வழியாகப் பத்து ரூபாய்ச் சீட்டுக்களை விற்றன. 2025 ஆகஸ்டில் மத்திய ஸர்க்கார் சட்டம் இயற்றிய பின்னரே அக்கடைகள் தங்கள் பண வியாபாரத்தை நிறுத்தின. கடை நின்றாலும் அதற்காகப் பேசிய வாதம் நிற்கவில்லை. "இது சூதாட்டமன்று, சந்தை, பங்கு வாங்குவது போலவும், பருத்தி முன்பேர வியாபாரம் போலவும் இதுவும் ஒரு வியாபாரமே" என்பதுதான் அவ்வாதம். படித்த இளைஞர்கள் பலரும் இதை மெய்யென்று நம்புகிறார்கள். சந்தையிலேயே பிறந்து வளர்ந்த கொங்கு நாட்டாருக்கு இவ்வாதத்தைப் பரிசோதிக்கும் தகுதி ஏனையோரைவிட அதிகம் உண்டென்பது நமது அபிப்பிராயம். ஆகவே அதனை இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

சந்தை நடக்கும் விதம்

ஒரு பொருளைக் கண்டிக்குமுன் அதனை அறிந்துகொள்வது நியாயம். 2023 ஆகஸ்டு 12-ந் தேதி சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி ஹாக்கியின் இறுதி ஆட்டம் நடந்தது. இந்தியாவும் மலேசியாவும் மோதின. அந்த ஆட்டத்தின்மீது இப்படியொரு சந்தை நடந்ததாகக் கற்பனை செய்துகொள்வோம். கீழே நாம் கூறும் விலைகள் விளக்கத்துக்காக நாமே வைத்துக்கொண்டவை. கோல் கணக்கு மாத்திரம் உண்மையில் நடந்தது.

சந்தையில் ஒரே விதமான சீட்டுத்தான் உண்டு. 'இந்தியா ஜயிக்கும்' என்னும் சீட்டு, இந்தியா ஜயித்தால் 100 ரூபாய் கொடுக்கும். தோற்றால் ஒன்றும் கொடாது. ராமன் என்பவர் இந்தியா ஜயிப்பது பெரும்பாலும் நிச்சயம் என்று எண்ணி, அச்சீட்டுக்கு 80 ரூபாய் கொடுக்க முன்வருகிறார். கோபாலன் என்பவருக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. அவர் 'இந்தியா ஜயிக்காது' என்னும் எதிர்ச்சீட்டுக்கு 20 ரூபாய் கொடுக்க இசைகிறார். எண்பதும் இருபதும் சேர்ந்து நூறாகின்றன. சந்தைக்காரர் அந்த நூறு ரூபாயை வாங்கி வைத்துக்கொண்டு, இருவருக்கும் ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்து விடுகிறார். ஆட்டம் முடிந்தபின் ஜயித்த சீட்டுக்காரருக்கு நூறும் போய்ச் சேரும்.

கல்ஷி முதலிய அமெரிக்கச் சந்தைகளில் சீட்டின் முழுத் தொகை ஒரு டாலர். அதாவது நூறு ஸென்டு. புரோபோவில் அது பத்து ரூபாயாக இருந்தது. தொகை எதுவாயினும் முறை ஒன்றே. பழைய பந்தயக் கடைக்காரன் தானே விகிதத்தை நிர்ணயித்து, தானே எதிர்க்கட்சியாக நின்று பந்தயம் பிடிப்பான். ஜோஸ்யச் சந்தைக்காரரோ தாம் எந்தக் கட்சியிலும் இல்லை என்கிறார். வாங்குகிறவரையும் விற்கிறவரையும் சேர்த்து வைத்துத் தரகு மட்டும் பெற்றுக்கொள்கிறார். விலையை யாரும் நிர்ணயிப்பதில்லை. இன்ன விலைக்கு வாங்கத் தயார் என்பாரும், இன்ன விலைக்கு விற்கத் தயார் என்பாரும் பலகையில் தங்கள் விலையை எழுதி வைக்க, இரண்டும் சந்திக்குமிடத்தில் வியாபாரம் முடிகிறது. நமது மாட்டுச் சந்தைகளில் துண்டுக்கடியில் விரல் பிடித்து ரகஸ்யமாகப் பேசும் விலையைப் போலன்றி, இவ்விலை எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. இதனைச் சந்தைக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில் தவறில்லை.

இன்னொரு விசேஷமும் உண்டு. ஆட்டம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நடுவிலேயே சீட்டை விற்றுவிடலாம். அன்றைய ஆட்டத்தில் பாதி நேரம் முடிந்தபோது மலேசியா 3 கோலும் இந்தியா 1 கோலும் போட்டிருந்தன. அந்நேரத்தில் 'இந்தியா' சீட்டின் விலை 80-லிருந்து 20-க்கு வீழ்ந்ததென்று வைத்துக்கொள்வோம். ராமன் பயந்துபோய், உள்ளதையாவது காப்போம் என்று தம் சீட்டை 20 ரூபாய்க்குச் சுப்பனிடம் விற்றுவிடுகிறார். அப்புறம் நடந்ததை ஹாக்கி அபிமானிகள் மறந்திருக்க மாட்டார்கள். மூன்றாவது கால் பகுதியின் கடைசி நிமிஷத்தில் இந்தியா இரண்டு கோல் போட்டது. 56-வது நிமிஷத்தில் ஆகாஷ்தீப் ஸிங் நான்காவது கோலைப் போட, இந்தியா 4-3 என்று ஜயித்தது. சுப்பனுக்கு 100 ரூபாய் கிடைத்தது.

இப்போது கணக்குப் பார்ப்போம். ராமனுக்கு நஷ்டம் 60. கோபாலனுக்கு நஷ்டம் 20. சுப்பனுக்கு லாபம் 80. நஷ்டமும் லாபமும் சரிக்குச் சரி. அவ்வளவும் ஒருவர் பையிலிருந்து மற்றொருவர் பைக்குப் போன பணமே. சந்தைக்காரர் ஒவ்வொரு தடவை வாங்குவதற்கும் விற்பதற்கும் ஒரு ரூபாய் தரகு எடுத்தாரென்றால், முதலில் இருவரிடமும், பிறகு ராமனிடமும் சுப்பனிடமுமாக நான்கு ரூபாய் எடுத்திருப்பார். ஆகவே மூவரையும் ஒருங்கே சேர்த்துப் பார்த்தால் நான்கு ரூபாய் நஷ்டம். ஆட்டம் எவ்வளவு விறுவிறுப்பாக நடந்தாலும், விலை எத்தனை தடவை ஏறி இறங்கினாலும், இக்கணக்கு மாறாது.

சீட்டில் எழுதியுள்ள நிபந்தனையும் கவனிக்கத்தக்கது. 2025 டிசம்பரில் சென்னையில் நடந்த ஜூனியர் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியும் ஸ்பெயினும் ஆட்ட நேர முடிவில் 1-1 என்று சமமாக நின்றன. பிறகு ஷூட்-அவுட் முறையிலேயே ஜெர்மனி ஜயித்தது. 'ஆட்ட நேரத்துக்குள் ஜெர்மனி ஜயிக்கும்' என்று சீட்டில் கண்டிருந்தால் அது தோற்ற சீட்டு. 'கோப்பை ஜெர்மனிக்கு' என்று கண்டிருந்தால் ஜயித்த சீட்டு. வட அமெரிக்க லீக்கின் வழக்கமான பருவ ஆட்டங்களிலும் சமமான ஆட்டத்துக்கு அதிகப்படி ஐந்து நிமிஷமும், அதன்பின் ஷூட்-அவுட்டும் உண்டு. ஆட்டத்தைச் சரியாகக் கணித்தும் நிபந்தனையை வாசியாமையால் பணத்தை இழப்பது ஸாத்தியம்.

விலை சொல்லும் செய்தி

இச்சந்தைகளுக்காகப் பேசுகிறவர்கள் எல்லோரும் சூதாடிகளல்லர். விலை என்பது பல இடங்களில் சிதறிக் கிடக்கும் அறிவை ஒன்று திரட்டித் தருகிறது என்று 1945-ல் ஹாயக் என்னும் பொருளாதார நிபுணர் எழுதிய கட்டுரை பிரசித்தமானது. அமெரிக்காவில் அயோவா ஸர்வகலாசாலைப் பேராசிரியர்கள் 1988-ல் ஜனாதிபதித் தேர்தலின்மீது இத்தகைய சிறு சந்தை ஒன்றை ஆராய்ச்சிக்காக ஏற்படுத்தினார்கள். ஒருவர் 500 டாலருக்குமேல் போடக்கூடாதென்று அதில் வரம்பு வைத்திருந்தார்கள். பலபேர் பணம் போட்டுச் சொல்லும் அபிப்பிராயம், வெறும் வாய்ப்பேச்சைவிடச் சரியாயிருப்பதுண்டு என்பது அவர்கள் கொள்கை. அதில் உண்மை இல்லாமலில்லை. நன்றாக நடக்கும் சந்தையில் 60 ரூபாய்க்கு விற்கும் சீட்டுக்கள் நூறில் ஏறக்குறைய அறுபது ஜயிக்கின்றன. மேலே சொன்ன உதாரணத்தில் பாதி நேரத்து விலையாகிய 20 தவறென்றும் சொல்ல முடியாது. ஐந்தில் ஒரு தடவை நடக்கக்கூடிய காரியம் அன்று நடந்தது, அவ்வளவே.

ஆனால் இந்த உண்மையிலிருந்து ஒரு முடிவு தானாகவே பிறக்கிறது. அதனை விளம்பரக்காரர்கள் சொல்வதில்லை. விலை சரியாயிருந்தால், அவ்விலைக்கு வாங்குகிறவனுக்கு நெடுநாளில் லாபமுமில்லை, நஷ்டமுமில்லை. தரகு மட்டும் நஷ்டம். விலை தவறாயிருந்தால், லாபம் உண்டு. ஆனால் அந்த லாபம் தவற்றைக் கண்டுபிடிக்கும் அறிவு உடையவனுக்கே போகும். அறியாதவன் கொண்டுவரும் பணமே அறிந்தவனுக்குக் கூலி. அறியாதவர்கள் வராவிட்டால் அறிந்தவர்களும் வரமாட்டார்கள், சந்தை மூடப்படும். ஆகவே சாதாரண ரஸிகன் அங்கே வியாபாரியாக அழைக்கப்படவில்லை, இரையாகவே அழைக்கப்படுகிறான்.

அறிந்தவன் யார் என்பதையும் பார்க்கவேண்டும். ஹாக்கியில் கோல்கள் சொற்பம். ஒரு கட்டையில் பட்டுத் திரும்பும் பந்து ஆட்டத்தையே மாற்றிவிடும். கோல் கீப்பர் ஒருவரின் உடல்நிலை மற்ற ஆட்டக்காரர்கள் ஐந்தாறு பேரின் திறமைக்குச் சமானம். அன்று யார் கோலைக் காக்கப் போகிறார் என்பது அணியின் உடை மாற்றும் அறைக்குள்ளிருப்பவர்களுக்கு ஊருக்குமுன் தெரியும். ஆட்டம் தொடங்கிய பின்னரோ வேகமே அறிவாகிவிடுகிறது. கோல் விழுந்த காட்சி உடுமலையிலுள்ள கைப்பேசியில் தெரிவதற்குச் சில விநாடிகள் பிடிக்கும். அதற்குள் மைதானத்திலிருந்து நேராகச் செய்தி பெறும் யந்திரங்கள் விலையை மாற்றியிருக்கும். அமெரிக்கச் சந்தைகளில் ஸஸ்குவஹானா போன்ற பெரிய பங்குமார்க்கெட் கம்பெனிகள் கணித யந்திரங்களுடன் அமர்ந்து, இடைவிடாது வாங்கும் விலையும் விற்கும் விலையும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. நமது இளைஞன் எதிராளி தன்னைப்போன்ற ஒரு ரஸிகன் என்று நினைத்துக்கொண்டு பொத்தானை அழுத்துகிறான்.

பருத்தியும் பந்தயமும்

"பருத்தி முன்பேரத்திலும் இதுதானே நடக்கிறது?" என்று கேட்பார்கள். இக்கேள்விக்கு விடை சொல்லாமல் மேலே போவது நேர்மையன்று.

நமது கரிசல் நிலத்தில் பருத்தி விதைத்திருக்கும் குடியானவரை எடுத்துக்கொள்ளுங்கள். விதைத்த நாளிலேயே அவர் தலைமேல் ஒரு பாரம் ஏறிவிட்டது. நான்கைந்து மாதம் கழித்து விலை என்னவாயிருக்குமோ என்னும் பாரம் அது. திருப்பூரில் நூல் கொடுப்பதாக ஒப்புக்கொண்ட மில்காரர் தலையிலும், விலை ஏறிவிட்டால் என்ன செய்வது என்னும் எதிர்ப்பாரம் இருக்கிறது. இருவரும் இன்றே ஒரு விலை பேசி ஒப்பந்தம் செய்துகொண்டால் இருவர் பாரமும் இறங்குகிறது. நடுவில் ஒரு வியாபாரி லாபத்தை எதிர்பார்த்து அப்பாரத்தை ஏற்றுக்கொண்டாலும், பாரம் முன்பே இருந்தது. அதனைச் சுமக்க ஓர் ஆள் கிடைத்தார் என்று கொள்ளலாம். ஆகவே முன்பேர வியாபாரத்தில் எவ்வளவு குறைகள் இருந்தாலும், அது தீர்த்துவைக்கும் கஷ்டம் ஒன்று உண்டு.

ஹாக்கிச் சீட்டை வாங்குவதற்குமுன் ராமனுக்கு என்ன பாரம் இருந்தது? மலேசியா ஜயித்திருந்தால் அவர் வயல் காய்ந்திருக்குமா? கடன் ஏறியிருக்குமா? மனம் சற்று வருந்தியிருக்கும், மறுநாள் மறந்திருப்பார். சீட்டை வாங்கின நிமிஷத்திலேதான் அவருக்கு 80 ரூபாய்ப் பாரம் புதிதாக உண்டாயிற்று. இல்லாத பாரத்தை உண்டாக்கி, அதனைத் தலைக்குத் தலை மாற்றித் தரகு வாங்குவதே இச்சந்தையின் தொழில். ஒரு சந்தை நல்லதா, கெட்டதா என்று அறிய நாம் கேட்கவேண்டிய கேள்வி இது ஒன்றே: யாருடைய பாரத்தை இது இறக்குகிறது? இக்கேள்விக்குப் பருத்திச் சந்தை பதில் சொல்லும். ஹாக்கிச் சந்தை சொல்லாது.

நமது தேசத்துச் சரித்திரமும் இவ்வேற்றுமையைக் காட்டுகிறது. 1890-ம் வருஷங்களில் கல்கத்தாவில் மழை பெய்யுமா, பெய்யாதா என்று பந்தயம் கட்டும் வழக்கம் பெருகியிருந்தது. மழையினால் வயலை இழக்கக்கூடியவன் அதற்காக ஈடு தேடுவது நியாயமே. கல்கத்தா வீதியில் பந்தயம் கட்டியவர்களுக்கோ வயலே இல்லை. 1897-ல் அதற்கெதிராகச் சட்டம் இயற்றப்பட்டது. பம்பாயில், நியூயார்க் பருத்திச் சந்தையிலிருந்து தந்தியில் வரும் ஆரம்ப விலை, முடிவு விலை ஆகியவற்றின்மீது ஜனங்கள் பந்தயம் கட்டினார்கள். 1961-ல் அவ்விலைகள் வருவது நின்றுபோயிற்று. பந்தயம் நின்றதா? இல்லை. பானைக்குள் எண் எழுதிய சீட்டுக்களைப் போட்டு எடுத்து ஆடத் தொடங்கினார்கள். பானைக்கு அவர்கள் பாஷையில் 'மட்கா' என்று பெயர். ஆட்டத்துக்கும் அதுவே பெயராயிற்று. பருத்தியை எடுத்துவிட்டுப் பானையை வைத்தபோதும் ஆட்டம் முன்போலவே நடந்ததென்றால், முன்பும் அங்கே பருத்தி வியாபாரம் நடக்கவில்லை என்பது விளங்குகிறதல்லவா?

பருத்திச் சந்தையிலும் குடியானவர்கள் ஏமாற்றப்பட்டதுண்டு. எடையில் மோசம், தரகில் மோசம், பிடித்தத்தில் மோசம் என்னும் குறைகள் மலிந்திருந்தபடியால்தான் 1933-ல் சென்னை மாகாணத்தில் வியாபாரப் பயிர்ச் சந்தைச் சட்டம் பிறந்தது. அதன்கீழ் முதன்முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் 1936-ல் நமது திருப்பூரில் பருத்திக்காக ஏற்பட்டது. நல்ல சந்தைக்கு மோசம் வந்தால் அதனைச் சீர்திருத்தலாம். சீர்திருத்தினால் குடியானவருக்கு லாபம். ஹாக்கிச் சந்தையில் எடையும் தரகும் சுத்தமாக இருந்தாலும், மேலே நாம் போட்ட கணக்கில் தரகு ஒன்றுதான் சிறிது குறையும். ராமனின் அறுபது ரூபாய் திரும்பி வராது.

சட்டம் சொல்வது

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ல் இயற்றப்பட்டது. அதன் 30-வது பிரிவு, பந்தய ஒப்பந்தங்கள் செல்லத்தக்கவையல்ல என்றும், பந்தயத்தில் ஜயித்ததை வசூலிக்க வழக்குத் தொடர முடியாதென்றும் கூறுகிறது. பந்தயம் என்றால் யாது என்பதை 1892-ல் கார்பாலிக் புகையுருண்டை வழக்கில் ஹாக்கின்ஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதி விளக்கினார். நிச்சயமற்ற ஒரு காரியத்தின் முடிவைப் பொறுத்து ஒருவர் ஜயிக்க மற்றவர் தோற்கவேண்டும். பந்தயத் தொகையைத் தவிர இருவருக்கும் அக்காரியத்தில் வேறு சம்பந்தம் இருக்கக்கூடாது. இவ்விரண்டும் சேர்ந்தால் பந்தயம். நாம் மேலே கேட்ட கேள்வியும் இதுவே என்பதை நேயர்கள் கவனிப்பார்களாக. பந்தய ஒப்பந்தம் செல்லாதேயன்றி, அதனாலேயே சட்டவிரோதமாகிவிடாது என்று 1959-ல் நமது ஸுப்ரீம் கோர்ட்டு கேருலால் பாரக் வழக்கில் தீர்ப்பளித்தது. அதன் பலன் என்ன? சந்தைக்காரர் பணம் கொடாவிட்டால் கோர்ட்டுக்குப் போய் வசூலிக்க வழியில்லை.

பிறகு திறமையா, அதிர்ஷ்டமா என்னும் விவாதம் வெகுகாலம் நடந்தது. குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமையைப் பொறுத்தது என்று 1996-ல் ஸுப்ரீம் கோர்ட்டு, தமிழ்நாட்டிலிருந்து சென்ற லக்ஷ்மணன் வழக்கில் கூறிற்று. அதனைப் பிடித்துக்கொண்டு ஏனைய பந்தயக் கம்பெனிகளும் தங்களுடையது திறமை என்று வாதித்தன. தமிழ்நாட்டுச் சட்டசபை 2022-ல் நிறைவேற்றி, மறுபடியும் 2023 மார்ச்சில் நிறைவேற்றிய ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்துக்கு 2023 ஏப்ரலில் கவர்னரின் சம்மதம் கிடைத்தது. அதே வருஷம் நவம்பரில் சென்னை ஹைக்கோர்ட்டு அச்சட்டத்தை நிலைநிறுத்தியது. ரம்மி, போக்கர் ஆட்டங்களைத் திறமை ஆட்டங்களென்று கருதி அவற்றுக்கு மாத்திரம் விலக்களித்தது. இந்தியப் பங்குமார்க்கெட்டைக் கண்காணிக்கும் ஸெபி, 2025 ஏப்ரலில், 'ஒபினியன் டிரேடிங்' தன் அதிகாரத்துக்குள் வராதென்றும், அதில் பணம் போடுவோருக்குப் பங்குமார்க்கெட்டில் உள்ள பாதுகாப்பு எதுவும் கிடையாதென்றும் ஜனங்களை எச்சரித்தது. சந்தை என்னும் பெயரை அணிந்துகொண்டவர்களுக்குச் சந்தைகளின் காவலரே கொடுத்த பதில் இது.

கடைசியாக 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டு நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்னும் விவாதத்தையே ஒதுக்கிவிட்டது. பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் ஆன்லைன் ஆட்டம் எதுவாயினும் அதனை நடத்துவோருக்கு மூன்று வருஷம் வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். விளம்பரம் செய்வோருக்கு இரண்டு வருஷமும் 50 லக்ஷமும். ஆடி ஏமாந்தவனை அச்சட்டம் தண்டிக்கவில்லை. இது நியாயமான ஏற்பாடென்றே நாம் கருதுகிறோம். அமெரிக்காவிலோ குழப்பம் நீடித்தது. கல்ஷி 2025 ஜனவரியில் விளையாட்டுச் சீட்டுக்களை விற்கத் தொடங்கியவுடன் நெவாடா, நியூஜெர்ஸி முதலிய ராஜ்யங்கள் அது சூதாட்டமே என்று தடுக்க முயன்றன. கம்பெனியோ, சரக்கு முன்பேரங்களைக் கண்காணிக்கும் மத்திய கமிஷனுக்கே தான் கட்டுப்பட்டது என்றது. கோர்ட்டுகள் ஒரேவிதமாகத் தீர்ப்புக் கூறவில்லை.

செய்யவேண்டியவை

"தன் பணத்தைத் தான் செலவழிக்க ஒருவனுக்கு உரிமையில்லையா? ஸினிமாவுக்குக் கொடுப்பதில்லையா?" என்பது கடைசி ஆக்ஷேபம். ஸினிமாவுக்குப் போகிறவன் தான் இழக்கும் தொகையை வாசலிலேயே அறிவான். இழந்ததைப் பிடிக்க மறுபடியும் டிக்கெட் வாங்கமாட்டான். இங்கோ, இழந்தவனே அடுத்த ஆட்டத்துக்கு இருமடங்கு கட்டுகிறான். வாரக்கூலி வாங்கும் பனியன் கம்பெனித் தொழிலாளி கைப்பேசியில் இழக்கும் பணம் வீட்டு வாடகையாகவும் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளமாகவும் இருக்கவேண்டிய பணம். வள்ளுவர் சூது என்னும் அதிகாரத்தை அறத்துப்பாலில் வையாமல் பொருட்பாலில் வைத்தார். சூது ஒருவனுடைய ஒழுக்கத்தை மட்டும் பொறுத்ததன்று. நாட்டின் பொருளையும் அரசையும் பொறுத்தது என்பதற்கு இது போதிய சான்று.

இனிச் செய்யவேண்டியது என்ன? முதலாவது, சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. அந்நிய நாட்டிலிருந்து கைப்பேசி மூலம் நுழையும் சந்தைகளுக்குப் பணம் போகும் வழிகளை ஸர்க்கார் அடைக்கவேண்டும். தடை விதித்தால் ரகஸ்யமாக நடக்கும் என்பார்கள். ரகஸ்யமாக நடப்பது விளம்பரத்தோடு நடப்பதைவிடச் சிறிதாகவே இருக்கும். இரண்டாவது, நமது ஹாக்கி ஸ்தாபனங்கள் அமெரிக்க லீக்கைப் பின்பற்றி, எந்தச் சந்தைக்கும் தம் பெயரை விற்கலாகாது. கோவில்பட்டியிலும் சென்னையிலும் மதுரையிலும் வெயிலில் ஓடிப் பழகும் சிறுவர்கள் ஆட்டத்தின்மீது நம்பிக்கை வைத்திருக்கிறார்கள். ஒரு கோல் கீப்பர் பந்தைத் தவறவிட்டால், 'பாவம், தவறிவிட்டது' என்று நினைக்கும் ஜனங்கள், சந்தை வந்தபின் 'எவ்வளவு வாங்கினானோ' என்று நினைப்பார்கள். 1948-ல் அமெரிக்க லீக் இருவரை வெளியேற்றியது இந்தச் சந்தேகத்தைப் போக்கவே.

மூன்றாவது, பொது ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. அயோவாவில் இச்சந்தை தேர்தலில்தான் பிறந்தது. 2024-ல் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலின்போது இச்சந்தைகளின் விலைகள் பத்திரிகைகளில் ஜன அபிப்பிராயமாகவே வெளியிடப்பட்டன. பணமுள்ளவன் ஒரு பக்கத்துச் சீட்டுக்களை மொத்தமாக வாங்கினால் விலை ஏறும்; ஏறிய விலை செய்தியாகும்; செய்தி மனத்தை மாற்றும். இன்று ஹாக்கிக்கு இடங்கொடுத்தால் நாளை உள்ளூர்த் தேர்தலுக்கும் இடங்கொடுக்க நேரும். ஆகையால் தொழிற்சங்கங்களிலும் வாசகசாலைகளிலும் ராமன், கோபாலன், சுப்பன் கணக்கை ஒரு பலகையில் எழுதிக் காட்டுங்கள். உபதேசம் வேண்டாம், கூட்டலும் கழித்தலும் போதும்.

கொப்பரை மூட்டையை விற்பனைக்கூடத்தில் இறக்கும் குடியானவர், விலை குறைந்தாலும் ஏதோ பணத்துடன் வீடு திரும்புகிறார். வாங்கினவர் கொப்பரையுடன் போகிறார். இருவர் கையிலும் ஏதோ ஒன்று இருக்கிறது. அவ்வாறு இருவர் கையிலும் ஒன்று மிஞ்சும் இடத்தையே நம் முன்னோர் சந்தை என்றனர். அப்பெயரை மற்றொன்றுக்கு இரவல் கொடுக்க நாம் சம்மதியோம்.